கண்ணி எண்ணிக்கொண்டே போட்ட கையெழுத்து

மாசி மாதம் முழுக்க பிரகதாம்பாளின் கழுத்தோரம் ஏதாவது ஒரு நூல் துண்டு எட்டிப் பார்க்கும். மந்திரித்துக் கட்டியது என்று நினைத்தவர்கள் உண்டு. அவளுக்கு அந்த மாதிரி நம்பிக்கை எதுவும் கிடையாது. நாலு விரல் அகலத்துக்கு ஒரு சதுரம் பின்னி, அதை ரவிக்கைக் கழுத்துக்குள் செருகிக்கொண்டு, ஒரு வேளைச் சமையல் முடிகிற வரைக்கும் அடுப்பின் முன்னால் நிற்பாள். சோறு வடித்து, குழம்பு கொதித்து இறங்குவதற்குள் ஒரு தடவை கை கழுத்தைச் சொறியப் போனாலும் அந்த நூல் கோடைக்கு ஆகாது. எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள்.

தஞ்சாவூர்ச் சீமையில் அடிக்கிற வெயிலுக்குப் பின்னல் உடுப்பு ஒரு கேடா என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் வராது. உல்லன் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறவர்களைப் பார்த்தால்தான் வரும். குடவாசல் சுற்று வட்டாரத்தில் சித்திரையில் பிறந்த குழந்தைக்குக்கூட உல்லன் குல்லா, உல்லன் சட்டை, உல்லன் காலுறை போட்டுத்தான் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். குழந்தை தக்காளிப் பழமாகச் சிவந்து வீல் வீலென்று கத்தும். வந்தவர்கள் உல்லனைத் தடவிப் பார்த்து வாய் நிறையச் சிரிப்பார்கள். "கௌரவத்துல புள்ளையை அவிச்சுக் குடுத்துடாதீங்க" என்று பிரகதாம்பாள் சொன்ன வீடுகளில் அப்புறம் அவளைக் கூப்பிடவில்லை.

அவளைத் தேடி வேலை கொடுத்தவர் சென்னையில் நூல் கடை வைத்திருந்த செல்லதுரை. முகம் பார்த்ததில்லை, எல்லாம் தபால்தான். வருடா வருடம் தை கடைசியில் பத்துப் பன்னிரண்டு மாதிரி நூல் சிட்டங்களை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புவார். அதில் எது கோடைக்கு ஆகும், எதில் குழந்தைச் சட்டை போடலாம், ஊசியில் எத்தனை கண்ணி ஏற்ற வேண்டும், எத்தனை வரிசை என்று இவள் எழுதி அனுப்ப வேண்டும். அவர் அதை எட்டுப் பக்கத்தில் 'கோடைப் பின்னல்' என்று அச்சடித்து நூலோடு சேர்த்து விற்பார்.

சிட்டத்தின் மேல் ஒட்டியிருக்கிற லேபிளை அவள் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. ஒரு முழம் பிரித்து நெருப்பில் காட்டுவாள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும். உல்லன் என்றால் மயிர் பொசுங்குகிற நாற்றம். நைலான் கலந்திருந்தால் உருகிச் சுருண்டு, நுனியில் கெட்டியாக ஒரு மணி நிற்கும். 'சுத்தமான பருத்தி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த எத்தனையோ சிட்டங்கள் அவள் அடுப்படியில் மணி மணியாக உருகியிருக்கின்றன.

நெருப்பையும் கழுத்தையும் தாண்டி வந்த நூலுக்குக் கடைசியாக ஒரு சோதனை இருந்தது. அதற்கு ஒரு குழந்தை வேண்டும். வெயிலில் உட்கார்ந்து பழகிய குழந்தையாக இருக்க வேண்டும். அந்தக் குழந்தைகளைக் கொடுத்தவள் ராசம்மாள். அவள் புருஷன் தங்கையன் மணக்கொல்லை வாய்க்கால் கரையில் நாலு ஏக்கரைப் பன்னிரண்டு வருடமாகக் குத்தகைக்கு உழுகிறவன். அறுப்பு முடிந்த வயலில் தெளித்த உளுந்து பங்குனியில் பறிப்புக்கு வரும். ராசம்மாள் உளுந்துச் செடி பிடுங்குவாள். வரப்பில், பனை மட்டை நிழலில் உட்காரும் அவள் குழந்தைக்குப் புதுச் சட்டையைப் போட்டுவிட்டு, பிரகதாம்பாள் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நோட்டும் கையுமாக இருப்பாள். மூன்று மணி நேரம் கழித்துச் சட்டையைக் கழற்றி முதுகைப் பார்ப்பாள். வேர்க்குரு இல்லையென்றால் அந்த நூல் தேறியது. மூன்று பிள்ளைகள் இப்படி ராசம்மாளின் இடுப்பிலிருந்து இறங்கி இவளுக்காக வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டை குழந்தைக்கே.

அவளுக்குச் சொந்தக் குழந்தை இல்லை. தஞ்சாவூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையலும் பின்னலும் படித்து, அங்கேயே கொஞ்ச நாள் டீச்சராகவும் இருந்தவளை, மணக்கொல்லை அரிசி மில்லில் கிளார்க்காக இருந்த தியாகேசனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனிதர். பெண்டாட்டி கண்ணி எண்ணும்போது குறுக்கே பேசக் கூடாது என்று தெரிந்து, காப்பி வேண்டுமென்றால் விரலால் சைகை காட்டுகிறவர். கல்யாணமாகி எட்டாம் வருடம், 1966இல், மஞ்சள் காமாலை வந்து போய்விட்டார். அவருடைய சட்டைகளை மில் ஆட்களுக்குக் கொடுத்தாள். போக்கிடம் இல்லாமல் நின்றவளுக்கு மில் முதலாளி வைத்தியலிங்கம், மில்லின் முன்பக்க அறையை ஒதுக்கிக் கொடுத்தார். வாடகை கிடையாது. இருநூறு ஏக்கர்க் குடும்பத்து மிராசுதார், தங்கையன் உழுகிற நாலு ஏக்கரும் அதில் அடக்கம்; குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அவரை நினைத்தால் இவளுக்குக் கை கூப்பத்தான் தோன்றும்.

ஆட்சி மாறி ஐந்து வருடம் ஆகியிருந்தது. கடைத்தெருவின் ஒரு முனையில் கறுப்பு சிவப்புக் கொடியும் மறு முனையில் செங்கொடியும் பறந்தன. ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளும் நிலத்துக்கு உச்சவரம்பைக் குறைத்திருந்தார்கள். குத்தகைக்கு உழுகிறவன் தன் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. ஊரில் பாதிப் பேர் பாதிப் பேரோடு பேசுவதில்லை. பிரகதாம்பாள் இதையெல்லாம் பேப்பரில் படிப்பாள், படித்த பேப்பரில் நூல் பந்துகளைச் சுற்றி வைப்பாள், அதோடு சரி.

மில்லுக்கு வரும் தபாலோடு அவள் தபாலும் வரும். மில் கணக்குப்பிள்ளை நாகநாதன் கொண்டு வந்து தருவார். பார்சல் சீட்டு, ரசீது என்று கையெழுத்துப் போட ஏதாவது இருக்கும். நாகநாதன் வரும் நேரத்தில் அவள் எண்ணிக்கொண்டிருப்பாள். எண்ணிக்கை தப்பினால் ஒரு வரிசை முழுக்கப் பிரிக்க வேண்டும். ஆகையால் "அறுபத்தி நாலு, அறுபத்தி அஞ்சு" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, ஊசியை இடது கைக்கு மாற்றி, வலது கையை மட்டும் நீட்டுவாள். அவர் பேனாவைத் திறந்து கையில் கொடுத்து, காகிதத்தில் இடத்தையும் விரல் வைத்துக் காட்டுவார். போட்டுவிட்டு "அறுபத்தி ஆறு" என்பாள். ஆறு வருடம் இப்படித்தான் நடந்தது. ஒரு முழ நூலைக் கொளுத்திப் பார்க்காமல் நம்பாத பெண்பிள்ளை, ஒரு காகிதத்தைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

1972 பங்குனி பிறந்த நாலாம் நாள் ராசம்மாள் வந்தாள். உளுந்துக்கு இன்னும் நாள் இருந்தது. குழந்தையைத் தூக்கி வரவில்லை. ஒரு துணி மூட்டையைக் கொண்டு வந்து பிரகதாம்பாளின் முன்னால் அவிழ்த்துக் கொட்டினாள். அத்தனையும் சின்னச் சின்னச் சட்டைகள், குல்லாக்கள்.

"இந்தாங்க டீச்சர். மூணு புள்ளைக்கும் நீங்க போட்டது. சரியா இருக்கான்னு பாத்துக்குங்க."

"என்ன ராசம்மா இது? சின்னவனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அவன் நல்லாத்தான் இருக்கான். அவன் சோத்துலதான் நீங்க மண்ணள்ளிப் போட்டுட்டீங்க."

பிரகதாம்பாளின் கையில் இருந்த ஊசி அப்படியே நின்றது. எத்தனையாவது கண்ணி என்பது மறந்து போயிற்று.

"நாங்க உழுவுற நெலத்த ஒங்க பேருல எழுதிக்கிட்டீங்க. சரி, பெரிய எடத்து வெவகாரம், போவட்டும்னு விடலாம். தங்கையன்னு ஒருத்தன் அதுல உழுவவே இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே டீச்சர், அதுக்கு எப்படி ஒங்களுக்கு மனசு வந்துச்சு?"

"எந்த நெலம்? எனக்கு ஏதுடி நெலம்?"

ராசம்மாள் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். தாலுகா ஆபீசிலிருந்து தங்கையனுக்கு வந்த நகல். குத்தகைதாரராகத் தன் பெயரைப் பதியச் சொல்லி அவன் கொடுத்த மனுவுக்கு நில உடைமையாளரின் ஆட்சேபணை. சர்வே எண் 112/3. நஞ்சை நான்கு ஏக்கர் பன்னிரண்டு சென்ட். 'மேற்படி நிலத்தை நானே ஆள் வைத்துச் சொந்தச் சாகுபடி செய்து வருகிறேன். மனுதாரர் தங்கையன் என்பவர் யாரென்றே எனக்குத் தெரியாது.' அடியில் பிரகதாம்பாள் என்ற கையெழுத்து. கடைசி எழுத்தின் கீழே, பின்னலை முடித்து நூலை இழுத்து விட்டது போல ஒரு சுழி. அந்தச் சுழியை இந்த உலகத்தில் வேறு யாரும் போடுவதில்லை.

யாரென்றே எனக்குத் தெரியாது. போன பங்குனியில் அந்த மனிதன் தன் தலைத்துண்டை நனைத்து அவள் குடையின் மேல் போட்டுவிட்டுப் போனான். அவன் வீட்டு மோரைக் குடித்துக்கொண்டு அவன் பிள்ளையின் முதுகைத் தடவிப் பார்த்தவள் அவள்.

"ஒங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதான்."

ராசம்மாள் அழுதாலாவது தேவலை; அதுவும் இல்லை. காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சட்டைகள் தரையில் கிடந்தன.

நாகநாதனிடம் போய்க் கேட்டபோது அவர் சீப்பால் தலை வாரிக்கொண்டிருந்தார். வாரி முடித்த பிறகுதான் பதில் சொன்னார்.

"பேருக்குத்தாம்மா. உச்சவரம்புன்னு ஒண்ணு கொண்டாந்து வெச்சிருக்கானுவ இல்ல? சமையக்காரர் பேர்ல மூணு, டிரைவர் பேர்ல நாலு, ஒங்க பேர்ல நாலு. ரெண்டு வருஷம் ஆச்சு. ஒங்களுக்கு என்ன கொறைஞ்சு போச்சு? கிஸ்தி ஐயாதான் கட்டுறாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே?"

"நீங்க எண்ணிக்கிட்டு இருந்தீங்க" என்றார் நாகநாதன், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திருடியவன் முகத்தில் கொஞ்சமாவது திருட்டுக் களை இருக்க வேண்டாமா? வானிலை சொல்கிற மாதிரி அல்லவா சொல்கிறார்! தான் ஏமாந்தது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வைத்தியலிங்கம் அவளை உட்காரச் சொல்லிக் காப்பி வரவழைத்தார். வழக்கம்போல மெதுவாகத்தான் பேசினார்.

"வியாழக்கிழமை தாலுகா ஆபீசுல விசாரணை. நீங்கதான் சாகுபடி பண்றீங்களான்னு அதிகாரி கேப்பாரு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க. என்ன நெல்லுன்னு கேட்டா, குறுவைக்கு ஆடுதுறை இருபத்தேழுன்னு சொல்லுங்க, போதும்."

"ஐயா, தங்கையன் இருக்கானே…"

"அவனுக்கு வேற ஏதாச்சும் பாத்துக் குடுப்போம். நீங்க இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா, பொய்யா எழுதிக் குடுத்தது யாருன்னு வரும். கையெழுத்து ஒங்களுது. ஒரு பொம்பளைய போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போக விட எனக்கு மனசு வருமா, சொல்லுங்க? தியாகேசன் இருந்தா என்ன நெனைப்பாரு?" கொஞ்சம் நிறுத்தி, "ரூம்ல ஓடு மாத்தணும்னு சொன்னீங்களாமே, சித்திரையில மாத்திடலாம். நீங்க இருக்குறவரைக்கும் அது ஒங்க ரூம்தான்" என்றார்.

காப்பி நாக்கைச் சுட்டது. அவர் என்ன சொல்கிறார் என்பது அவளுக்கு ஒழுங்காகவே விளங்கியது.

வியாழனுக்கு நாலு நாள் இருந்தது. செல்லதுரைக்கு நூல் தேர்ந்து எழுத வேண்டிய கெடுவும் நெருங்கிக்கொண்டிருந்தது. பதினோரு சிட்டங்களில் ஏழாம் எண் கழுத்துச் சோதனையிலும் தேறியிருந்தது. நான்கு புரி முறுக்கிய பருத்தி, பழுப்பு வெள்ளை. போட்டுப் பார்க்கத்தான் குழந்தை இல்லை. குழந்தைக்குப் போடாத நூலை அவள் எழுதியதே கிடையாது. எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். சட்டைகளை எடுத்து மடித்து வைத்தாள். மூத்தவளுடையது, நடுவுள்ளவனுடையது, கடைக்குட்டியுடையது. எல்லாம் தோய்த்துத் தோய்த்து மிருதுவாகியிருந்தன. ராசம்மாள் ஒன்றைக்கூடக் கிழிய விட்டிருக்கவில்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

ஆனாலும் வியாழக்கிழமை காலையில் அவள் எடுத்திருந்த முடிவு, 'ஆமாம்' என்று சொல்வதுதான். இதை ஒளிக்க வேண்டியதில்லை. முப்பத்தாறு வயது, பிறந்த வீட்டில் யாரும் இல்லை, கையெழுத்து தன்னுடையது, தலைக்கு மேல் இருப்பது அவர்கள் ஓடு. போலீஸ் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து அவள் ஒரு வரிசைகூடப் பின்னவில்லை. பயந்தவள் வேறென்ன செய்வாள்? காரில் நாகநாதனுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆடுதுறை இருபத்தேழு, ஆடுதுறை இருபத்தேழு என்று எண்ணிக்கை மாதிரி சொல்லிக்கொண்டே போனாள்.

தாலுகா ஆபீஸ் கூடத்தில் நல்ல கூட்டம். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குத்தகைக்காரர்கள் ஒரு பக்கம், மடிப்பு வேட்டிகள் ஒரு பக்கம். தங்கையனும் ராசம்மாளும் தூணோரம் நின்றார்கள். கடைக்குட்டி அவள் இடுப்பில் இருந்தான். பிரகதாம்பாளைப் பார்த்ததும் தாவப் பார்த்தான். ராசம்மாள் அவனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

நாகநாதனின் திட்டப்படி பிரகதாம்பாளின் பெயரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். அவள் 'ஆமாம்' சொன்னதும் காரில் ஏற்றி அனுப்பிவிட வேண்டும். ஆனால் விசாரணை அதிகாரி புதியவர். கோப்புக் கட்டின் மேலிருந்து எடுக்காமல் அடியிலிருந்து ஒரு கோப்பை உருவினார். கண்ணுசாமி என்ற இன்னொரு குத்தகைக்காரரின் மனு. நில உடைமையாளரை அழைக்கச் சொன்னார். பியூன் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"மணக்கொல்லை தியாகேசன்! தியாகேசன் இருக்காரா? தியாகேசன்!"

ஊரில் இன்னொரு தியாகேசன் இருக்கிறாரா என்றுதான் அவள் முதலில் யோசித்தாள். அந்தப் பெயரை யாரும் சத்தமாகக் கூப்பிட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது.

"ஆஜருங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

திரும்பினாள். மில்லில் நெல் அவிக்கிற வைரக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கழுத்துப் பொத்தான் மட்டும் மற்றவற்றைப் போல இல்லை. நூலால் பின்னிய உருண்டைப் பொத்தான். கடைப் பொத்தான் உடைந்த அன்று, தியாகேசன் வேலைக்குக் கிளம்பி நின்றபோது அவளே அவசரமாகப் பின்னித் தைத்தது. அவனிடம் இருந்த ஒரே நல்ல சட்டை அதுதான் போலிருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு அவள் புருஷனாக வந்து மேசை முன்னால் நின்றான்.

"நீங்கதான் தியாகேசனா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமாங்க."

செத்தவரைக்கூடவா விடவில்லை? எரித்துச் சாம்பலை அரசலாற்றில் கரைத்தவரை எழுப்பிக் கொண்டுவந்து, அவர் சட்டையையே மாட்டி, பொய்ச் சாட்சி சொல்ல நிறுத்தியிருக்கிறார்களே! பயம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியாது. எழுந்து நின்றது மட்டும் தெரியும்.

"அது தியாகேசன் இல்லீங்க. வைரக்கண்ணு."

நாகநாதன் பாய்ந்து வந்தார். "அம்மாவுக்கு வெயில்ல மயக்கம். வாங்கம்மா, வெளிய போவலாம்."

"கையை எடுங்க" என்றாள் பிரகதாம்பாள். "தியாகேசன் செத்துப்போயி ஆறு வருஷம் ஆச்சு."

"நீங்க யாரும்மா?" என்றார் அதிகாரி.

"அவரு பெண்டாட்டி."

வைரக்கண்ணு அவளை அப்போதுதான் பார்த்தான். நின்ற இடத்திலேயே கூனிப்போனான். "டீச்சர், நீங்க வருவீங்கன்னு சொல்லலியே! சும்மா நின்னு ஆமான்னு சொல்லிட்டு வாடான்னாங்க டீச்சர்" என்றவன், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அந்தப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினான். அவனைப் பார்க்க அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

அதிகாரி கோப்பை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் பெயரைக் கேட்டார். அந்தப் பெயரிலும் ஒரு கோப்பு இருப்பதைக் கண்டதும் அவர் புருவம் உயர்ந்தது.

"நூத்திப் பன்னெண்டு பை மூணு, நீங்கதான் சாகுபடி பண்றீங்களா?"

"இல்லீங்க. தங்கையன் பண்றாரு. எனக்கு நெல்லுல ஒண்ணும் தெரியாது. நூல்தான் தெரியும்."

"கையெழுத்து?"

"என்னுது. படிக்காம போட்டேன். கண்ணி எண்ணிக்கிட்டு இருந்தேன்."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "பொய்யா எழுதிக் குடுத்ததுக்கு ஒங்க மேல நடவடிக்கை வரலாம். தெரியுமில்ல?"

"சொன்னாங்க."

"சரி. நீங்க இன்னிக்குச் சொல்றது ஒரு பேச்சு. அன்னிக்கு எழுதினது ஒரு பேச்சு. ரெண்டுல எதை நான் நம்புறது?" தங்கையனின் பக்கம் திரும்பினார். "ஒங்ககிட்ட குத்தகைச் சீட்டு, நெல் அளந்த ரசீது, ஏதாவது காகிதம் இருக்கா?"

பன்னிரண்டு வருடத்தில் ஒரு ரசீது கொடுத்திருப்பார்களா? தங்கையன் மஞ்சள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ரேஷன் கார்டு, அம்மை குத்திய சீட்டு, ஓர் ஓட்டுச் சீட்டு, கூடவே நைந்த மூன்று சின்னப் புத்தகங்கள். வீட்டில் இருந்த அச்சுக் காகிதம் எல்லாவற்றையும் ராசம்மாள் வாரிப் போட்டுக் கொண்டு வந்திருந்தாள். எழுத்தர் ஒரு புத்தகத்தைப் புரட்டி, "பொம்பளைங்க பின்னல் புஸ்தகம் சார்" என்று ஒதுக்கினார்.

"ஒதுக்காதீங்க. ஆறாம் பக்கம் பாருங்க" என்றாள் பிரகதாம்பாள்.

செல்லதுரைக்கு வியாபாரம் தெரியும். அவள் நோட்டில் எழுதி அனுப்புகிற சோதனைக் குறிப்பை, வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று அப்படியே அச்சில் போட்டுவிடுவார். இதெல்லாம் எதற்கு என்று அவள் கூச்சப்பட்டு எழுதிய கடிதத்துக்கு அவர் பதில்கூடப் போடவில்லை. தங்கள் பெயர் அச்சில் வந்ததென்று ராசம்மாள்தான் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தினாள். அதிகாரி கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்தார்.

'இந்தக் கையில்லாச் சட்டை, குடவாசலை அடுத்த மணக்கொல்லையில், வாய்க்கால் கரைத் தங்கையன் தம் வயலில் உளுந்து பறித்தபோது, பங்குனி 12ஆம் தேதி உச்சி வெயிலில், வரப்பில் இருந்த அவருடைய ஏழு மாதக் குழந்தைக்கு மூன்று மணி நேரம் அணிவித்துப் பார்க்கப்பட்டது. வேர்க்குரு இல்லை.'

அட்டையைத் திருப்பினார். 1971 ஏப்ரல். அடுத்தது 1969. அதற்கடுத்தது 1967. மூன்றிலும் அதே தங்கையன், அதே வாய்க்கால் கரை, அதே 'வேர்க்குரு இல்லை'. அதிகாரி நாகநாதனை ஒரு பார்வை பார்த்தார். அவரிடம் இப்போது சிரிப்பும் இல்லை, சீப்பும் இல்லை.

"எழுதுய்யா" என்றார் அதிகாரி எழுத்தரிடம்.

எழுத்தர் இரண்டு பக்கத்துக்கு எழுதி, காகிதத்தை அவள் பக்கம் திருப்பி, அடியில் விரல் வைத்தார். "இங்க ஒரு கையெழுத்து."

பிரகதாம்பாள் காகிதத்தை எடுத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

"நேரமாவுதும்மா. சொன்னதத்தான எழுதியிருக்கேன்."

"படிச்சுட்டுத் தரேன்."

மேலே மின்விசிறி கடகடத்தது. அதிகாரி அடுத்த கோப்பை எடுத்துப் பிரித்தார். அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, உதடு அசைய, எண்ணுகிற மாதிரியே படித்தாள். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. மேலே பார்த்தாள். மறுபடி படித்தாள். 'எதிர்மனுதாரர்கள் தியாகேசன், பிரகதாம்பாள் ஆகிய இருவரும் இன்று நேரில் ஆஜராகி' என்று இருந்தது. இவ்வளவு கூத்துக்குப் பிறகும்! எழுத்தருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. எல்லா வாக்குமூலத்திலும் எழுதுகிற வரி. கை தானாக எழுதியிருக்கிறது. படிக்காமல் போட்டிருந்தால் தானே அவரை இரண்டாம் தடவை கூட்டி வந்து நிறுத்தியிருப்பாள்.

"இது தப்பு" என்றாள். "அவரு வரல."

எழுத்தர் எட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பெயரை அடித்து, மேலே 'காலமாகிவிட்டார்' என்று எழுதினார். அவள் அந்த ஒரு வார்த்தையையும் விரல் வைத்துப் படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

காரில் அவளை ஏற்றிக்கொள்ளவில்லை. பஸ் பிடித்து மணக்கொல்லை வந்து சேர்ந்தபோது அறைக்குப் புதுப் பூட்டு தொங்கியது. பெட்டியும் பாத்திரமும் நூல் சிட்டங்களும் மில் களத்தில், புழுக்கிக் கொட்டிய நெல்லுக்குப் பக்கத்தில் கிடந்தன. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் ஆறு வருடம் கை கூப்பிய வாசலில் தன் அரிசிப் பானை கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பின்னாலேயே வந்த ராசம்மாள் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். மிச்சத்தைத் தங்கையன் எடுத்துக்கொண்டான்.

ஆடி பிறப்பதற்குள் தங்கையனின் பெயர் பதிவாயிற்று. கண்ணுசாமியுடையதும் ஆயிற்று. பிரகதாம்பாளை இரண்டு தடவை தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பினார்கள். அப்புறம் அவள் குடவாசல் கடைத்தெருவில் ஒரு தையல்கடையின் பின்கட்டில் குடியிருந்து, இருபது வருடம் பின்னிக்கொண்டிருந்தாள். எந்தக் காகிதத்தையும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று தபால்காரரும் பாங்கிக்காரர்களும் அவளைத் திட்டாத நாள் கிடையாது.

அந்தப் பங்குனியில் செல்லதுரைக்குக் கெடு தாண்டித்தான் கடிதம் போயிற்று. ஏழாம் எண் நூல், நான்கு புரிப் பருத்தி, ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எண்பத்திரண்டு கண்ணி. சோதித்த இடம், தங்கையன் உளுந்து வயல் வரப்பு. வேர்க்குரு இல்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'இனிமேல் வயலின் சர்வே நம்பரையும் தவறாமல் அச்சில் போடவும். 112/3.'